வடபாட்டில் நைனாவின் வலை

மீன் போடும் பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் என் லேப்டாப்பை வைத்திருந்தேன். காலை வெயில் ஏறிவிட்டது. திரையில் படம் எதுவும் தெரியவில்லை. என் முகம்தான் தெரிந்தது, அதுவும் வேர்த்து வழிந்துகொண்டு.

யாரோ ஒரு பழைய கம்பளியைக் கொண்டுவந்தார்கள். நான்கு பேர் நான்கு மூலையைத் தூக்கிப் பிடிக்க, அடியில் நான்கு தலைகள் நுழைந்தன. ஊர்த் தலைவர், புகார் சொன்ன கன்னியப்பன் மாமா, நைனா, நான். நைனா என்றால் என் அப்பா; எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். உள்ளே பீடி நாற்றமும் கருவாட்டு நாற்றமும் ஒன்றாகக் கலந்து மூச்சை அடைத்தது.

எங்கள் குப்பத்தில் அம்மன் கோயில் வாசலில்தான் பஞ்சாயத்து கூடும். பெண்கள் அங்கே உட்காருவதில்லை. எனக்கு அன்று விலக்கு கொடுத்தார்கள். என் மேல் மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும்.

"ம், போடு," என்றார் தலைவர். "உங்க நைனா வலை எப்டி வடபாட்டுக்குப் போச்சுன்னு நாங்களும் பாக்கறோம்."

கோபத்தில் பாஸ்வேர்டை இரண்டு முறை தப்பாக அடித்தேன். ஒரு சினிமா ஷாட்டை வைத்து ஒரு மனிதனைத் திருடன் என்று சொன்ன ஊர் உலகத்திலேயே எங்கள் ஊராகத்தான் இருக்கும்.

கயிறு அழித்த காலம்

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். இந்த இதழில் நான் எழுதும் தொடரைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "கிராஃபிக்ஸ் என்றால் பட்டனைத் தட்டினால் வந்துவிடுமே, இதில் எழுத என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தார். ஐயா, அந்தப் பட்டன் எங்கே விற்கிறது என்று சொன்னால் நானே போய் வாங்கிக்கொள்கிறேன்.

பொன்னேரியில் கல்லூரி முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த முதல் வேலை கயிறு அழிப்பது. கதாநாயகர் பறப்பார். அவரைத் தூக்குகிற கம்பிக் கயிற்றை பிரேம் பிரேமாக நான் அழிப்பேன். எட்டு மாதம் அழித்தேன். பிறகு ஒரு கதாநாயகியின் கன்னத்தில் உட்கார்ந்த கொசுவை அழித்தேன். அது நல்ல நடிப்பு நடந்த டேக்காம், கொசுவுக்காகத் திரும்ப எடுக்க முடியாதாம்.

ஒன்றை அழித்தால் அதற்குப் பின்னால் இருந்திருக்க வேண்டியதை நாம் வரைந்து வைக்க வேண்டும். அதுதான் தொழிலின் சூட்சுமம். நான் அதில் வேகம். யாரும் கேட்காத கேள்வியெல்லாம் கேட்பேன், படப்பிடிப்புக்கு என்னையும் கூட்டிப்போங்கள் என்று நச்சரிப்பேன். ஆறேழு வருடத்தில் விஎஃப்எக்ஸ் சூப்பர்வைசர் ஆகிவிட்டேன். எந்த ஷாட்டில் எது நிஜம், எது கணினியில் செய்தது என்று முடிவு செய்து, படம் பிடிக்கும் இடத்திலேயே நின்று அதற்கு வேண்டியதை எடுத்துவைக்கிற வேலை.

சூப்பர்வைசராக நான் செய்த முதல் படம் எங்கள் ஊரிலேயே எடுத்த படம். ஒல்லாந்தர் காலத்து, அதாவது டச்சுக்காரர் ஆண்ட காலத்துப் பழவேற்காடு.

இடுப்பளவு தண்ணீரில் கப்பல்

கதை இதுதான். ஒரு டச்சுத் தளபதி, கைக்குட்டைத் துணி நெய்யும் வீட்டுப் பெண், காதல், பிரிவு. சின்ன வயதில் ஒல்லாந்தர் கல்லறையில் எலும்புக்கூடு செதுக்கிய கற்களுக்கு நடுவே கண்ணாமூச்சி ஆடியவள் நான். அவர்களுடைய கோட்டையிலிருந்து துணியோடு துணியாக மனிதர்களையும் கப்பலேற்றி அடிமைகளாக விற்றார்கள் என்று பள்ளியில் எங்கள் வரலாற்று டீச்சர் சொல்லும்போது வகுப்பே ஊசி விழுந்தால் கேட்கிற மாதிரி இருக்கும்.

கதை விவாதத்தில் அதைச் சொன்னேன். இயக்குநர் டீயை உறிஞ்சிவிட்டு, "அது வேற படம் மேகலா," என்றார்.

சரி, விட்டேன். அடுத்தது கப்பல். மூன்று பாய்மரம் வைத்த ஒரு கப்பல் ஏரிக்குள் கம்பீரமாக வந்து நிற்க வேண்டும் என்றார். சார், ஏரியில் பாதி இடத்தில் இடுப்பளவுதான் தண்ணீர், பெரிய கப்பலெல்லாம் வெளியே கடலில்தான் நிற்கும், சின்னப் படகில் சரக்கு வரும் என்றேன். ஜனங்களுக்கு அதெல்லாம் தெரியாது என்றார்.

எங்கள் ஜனங்களுக்குத் தெரியும். நைனாவிடம் சொன்னபோது சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "கப்பல இஸ்துகினு வரதுக்கு எத்தினி பேரு? நம்மாளுங்களயே கூப்டுவாங்களா?"

விலகிப் போனவரும் போகாதவரும்

படப்பிடிப்பு இறால் காலத்தில் வந்து மாட்டியது. இங்கே பாடு என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும்.

முகத்துவாரத்துக்கு உள்பக்கம் இறால் வருகிற வழியில் கழி நட்டு, வலையைச் சுற்றிக் கட்டுவார்கள். அப்படிக் கட்டும் இடத்துக்குத்தான் பாடு என்று பெயர். எந்த வீட்டுக்கு எந்த நாள், எந்தப் பாடு என்று சீட்டுப் போட்டு முன்பே முடிவாகிவிடும். ஒருநாள் முறை வந்து போனால் அடுத்த முறைக்குப் பல நாள் காத்திருக்க வேண்டும். அடுத்தவர் முறையில் வலை வைப்பதைவிடக் கேவலம் எங்கள் ஊரில் கிடையாது. குடித்துவிட்டுக் கோயிலில் விழுந்து கிடந்தாலும் மன்னிப்பார்கள், இதை மன்னிக்க மாட்டார்கள்.

மணல் திட்டில் மூன்று பனை மரங்கள் நிற்கும். கரையிலிருந்து பார்த்தால் பனைக்கு இடப்பக்கம் வடபாடு, வலப்பக்கம் தென்பாடு. அன்று வடபாடு கன்னியப்பன் மாமாவுக்கு. தென்பாடு நைனாவுக்கு.

காலை வெளிச்சத்தில் ஏரியை அகலமாக ஒரு ஷாட் எடுத்தோம். வலையும் ஆட்களும் படகுகளும் எல்லாம் அதில் இருந்தன. அதன் பிறகு இயக்குநருக்கு ஏரி காலியாக வேண்டுமாம். தயாரிப்பு நிர்வாகி மெகாஃபோனில் கத்திப் பார்த்தார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னை அனுப்பினார்கள். நான் படகுத்துறையான தோணிரேவிலிருந்து வாடகைக்கு எடுத்த படகில் ஏறிப் போனேன், கழுத்தில் அடையாள அட்டை தொங்க.

"மாமா, மதியத்துக்கு மேல கொஞ்சம் வலைய எடுத்துக்க முடியுமா? ஒரே ஒரு ஷாட்டு."

கன்னியப்பன் மாமா இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா வேலை இது உனுக்கு? ஊரக் காலி பண்ற வேலையா?"

"என் படம் மாமா."

"உன் படமா?" வலையில் சிக்கிய பாசியை உதறினார். "சரி போ. நம்ம பொண்ணு படம். எடுத்துக்கறேன்."

மதியம் சொன்னபடி கழியைப் பிடுங்கிக்கொண்டு போனார். பாதி நாள் முறையை எனக்காக விட்டார்.

அடுத்து நைனா. "நைனா, மாமாவே ஒத்துக்கினாரு."

"அவன் நாளு, அவன் உட்டான். என் நாளு, நான் உடல."

"நைனா, என் மானமே போய்டும்."

"எனக்கு எறா போய்டும். நகரு, வலைக்கு மேல படகு வரப் போது."

நைனா நகரவேயில்லை. கரையில் இயக்குநர் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தார். "யாரு அந்த ஆளு? அவங்கூட பேசுனியா இல்லியா?"

"பேசினேன் சார். எங்க அப்பா."

அவர் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டு கேமரா பக்கம் நடந்தார்.

நான் ஜெயித்த நாள்

மதியத்து ஷாட் பாழானதால் காலை எடுத்ததையே வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஸ்டுடியோவில் இயக்குநர் என் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த செல்போன் டவரைத் தூக்கு. கலங்கரை விளக்கத்தைத் தூக்கு. வலது ஓரத்தில் புகைபோலத் தெரிகிற காட்டுப்பள்ளித் துறைமுகக் கிரேன்களைத் தூக்கு. குப்பத்து வீடுகளைத் தூக்கு. படகுகளைத் தூக்கு. ஆட்களைத் தூக்கு.

தூக்கினேன். கயிறு அழித்த கைதானே.

கடைசியில் நைனாவின் வலைக்கு வந்தோம். "இதையும் தூக்கு. ஏரி சுத்தமா இருக்கணும்."

அங்கேதான் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. சார், ஒல்லாந்தர் வந்தபோது ஏரியில் யாருமே மீன் பிடிக்கவில்லையா? துரை வந்த பிறகுதான் எங்கள் ஆட்கள் முளைத்தார்களா? அவர்கள் சாப்பிட்ட மீனைப் பிடித்தது யார்? படபடவென்று பொரிந்து தள்ளினேன். பக்கத்து மேசைப் பையன்கள் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டார்கள்.

இயக்குநர் மோவாயைத் தேய்த்தார். "சரி, ஒரு வலை இருக்கட்டும். ஆனா வலது பக்கம் கப்பல் வருது. இதைத் தூக்கி இடது பக்கம் வை."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. என் ஊர் வலை படத்தில் இருக்கிறது. என்னால் இருக்கிறது. நைனாவையும் வலையையும் கவனமாக வெட்டி எடுத்தேன். கட்டம் போட்ட கைலியை வெள்ளைத் துண்டாக மாற்றினேன். மிதவையாகக் கட்டியிருந்த நீல நிற கேனை அழித்தேன். கடைசிக் கழியில் நைனா தன் அடையாளத்துக்குக் கட்டும் சிவப்புத் துணியை மட்டும் விட்டுவைத்தேன், பார்க்க அழகாக இருந்தது. பனை மரத்துக்கு இடப்பக்கம் கொண்டுபோய் நட்டேன். தண்ணீரில் அதன் நிழலைக்கூட அலை அலையாக வரைந்தேன்.

பனைக்கு இடப்பக்கம் எது என்று ஒரு விநாடிகூட நினைக்கவில்லை. அந்த ஏரியைப் பார்த்துக்கொண்டே பல் துலக்கி வளர்ந்தவள் நான்.

டிரெய்லர்

டிரெய்லர் வந்த அன்று எங்கள் குப்பத்தில் எல்லார் கைபேசியிலும் அதுதான் ஓடியது. கப்பலை யாரும் பார்க்கவில்லை. வலையைப் பார்த்தார்கள். நிறுத்தி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்கள். சிவப்புத் துணி. இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு கொஞ்சம் சாய்ந்து நிற்கும் ஆள். வெள்ளைத் துண்டு கட்டினால் ஆளைத் தெரியாதா?

கன்னியப்பன் மாமா கணக்குப் போட்டுவிட்டார். மதியம் நான் விலகிப் போனேன். இவன் மட்டும் விலகவில்லை. நான் போன பிறகு, காலியாகக் கிடந்த என் பாட்டில் வலையை நட்டிருக்கிறான். தென்பாட்டில் கப்பல் நிற்கிறது, வலை இல்லை. இன்னும் என்ன சாட்சி வேண்டும்?

பஞ்சாயத்தில் நைனா, "நான் வைக்கல," என்று மட்டும் சொன்னார். "வீடியோல கீதே," என்றார்கள். நைனாவுக்கு அடுத்த மூன்று முறை பாடு கிடையாது என்று தீர்ப்பு. இறால் காலத்தில் மூன்று முறை என்றால் அந்த வருடமே போனமாதிரி. அதைவிட, படகடியில் நைனா வந்து நின்றால் பேச்சு நின்றுபோயிற்று. அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

நைனா எனக்குச் சொல்லவில்லை. அம்மாதான் போனில் அழுதாள். நான் ஹார்டு டிஸ்கைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் வாய்க்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். சினிமாவில் ஒருவன் செத்தால் போலீசுக்குப் போவீர்களா? கப்பல் வந்ததை நம்பவில்லை, வலையை மட்டும் நம்புவீர்களா?

கம்பளிக்கு அடியில்

அதைத்தான் கோயில் வாசலிலும் கேட்டேன். தலைவர் அசரவில்லை. "கப்பல் பொய்னு எங்களுக்குத் தெரியும்மா. வலை பொய்யின்னு எப்டி தெரியும்?"

அதற்குத்தான் லேப்டாப். கம்பளிக்கு அடியில் முதலில் முடிந்த ஷாட்டைக் காட்டினேன். பிறகு ஒவ்வொரு அடுக்காக எடுத்தேன். கப்பல் போயிற்று. பனைக்கு இடப்பக்கமிருந்த வலை போயிற்று. அதே வலை வலப்பக்கம் வந்தது, தென்பாட்டில், நீல கேனோடு, கட்டம் போட்ட கைலியோடு.

"பாத்துக்கோங்க. நைனா அவர் பாட்டுலதான் நிக்கறாரு. இது காலைல எடுத்தது. நகத்தி வச்சது நான்."

வெளியே நின்றவர்கள் கம்பளிக்குள் தலையை நீட்டினார்கள். தலைவர் பெருமூச்சு விட்டார். நைனா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் நான் இன்னும் அமுக்கிக்கொண்டே இருந்தேன், ஜெயித்த வேகத்தில். கிரேன் வந்தது, டவர் வந்தது, வீடுகள் வந்தன, படகுகள் வந்தன. கடைசி அடுக்கையும் எடுத்தேன்.

வடபாட்டில் இன்னொரு வலை வந்தது. அதன் பக்கத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு ஆள்.

கன்னியப்பன் மாமா.

"இன்னொரு வாட்டி அமுக்கு," என்றார் அவர்.

அமுக்கினேன். அவர் மறைந்தார்.

"இன்னொரு வாட்டி."

வந்தார். மறைந்தார். அவர் இருந்த இடத்தில் நைனாவின் வலை வந்து உட்கார்ந்தது, சிவப்புத் துணி ஆடியது.

மாமா திரையில் அந்த இடத்தை விரலால் தொட்டார்.

"மத்தியானம் நானா விலகிப் போனேன், நீ கேட்டன்னு," என்றார் மாமா. அவர் குரல் உயரவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "காலைல நின்னவனயும் தூக்கிட்டியா?"

"எல்லாரையும் தூக்கினேன் மாமா. டைரக்டர் சொன்னாரு..."

"உங்க நைனாவத் தூக்கலியே."

அமுக்கிக்கொண்டிருந்த விரலை எடுத்தேன். இயக்குநரிடம் அத்தனை பேசிய வாய்தான் இது.

"அப்ப நான் சொன்னதுல இன்னா தப்பு?" அவர் தலைவரிடம் திரும்பினார். "என் நாளு, என் பாடு, அவன் வலை. நட்டது அவன் இல்ல, அவன் பொண்ணு. அவ்ளதான்."

கம்பளியை இறக்கினார்கள். வெளிச்சத்தில் கண் கூசியது. வெளியே பெரிய வாக்குவாதம். நைனா குற்றவாளி இல்லை என்று மூன்று முறைத் தடையை நீக்கினார்கள். ஆனால் தப்பு நடந்திருக்கிறது, அதற்கு ஒரு முறை விட்டுக்கொடுக்க வேண்டும், யார் கொடுப்பது?

"நான் செஞ்ச தப்புக்கு என் முறைய எடுத்துக்கோங்க," என்றேன்.

ஒருவர் சிரித்தார். "உனக்கு ஏது முறை? பொம்பளைக்கு ஏது பாடு?"

"இல்லாதவகிட்ட எப்டி எடுப்பீங்க? அப்ப சீட்டுல என் பேரையும் போடுங்க. அப்பறம் புடுங்குங்க."

அந்தக் கேள்விக்கு எங்கள் குப்பம் இன்றுவரை பதில் சொல்லவில்லை. எழுதியே வைக்கிறேன்.

நைனா எழுந்தார். தோளில் இருந்த துண்டை உதறினார். "எனுக்கு வர்ற மொதோ முறைய கன்னியப்பனுக்கு உட்டுட்டேன்," என்றார். "எம்பொண்ணு நட்டா நான் நட்டமாதிரிதான்."

"நைனா, நீங்க ஒண்ணும் பண்ணல."

"நீ பண்ணியா இல்லியா?"

நடந்துவிட்டார். கன்னியப்பன் மாமா அந்த முறையை வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அந்த நாளில் தென்பாட்டில் வலை வைத்தார். இறால் நன்றாகவே விழுந்தது என்று அம்மா சொன்னாள். நைனா அன்று கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தாராம். எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை. யார் மேல் என்றுதான் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இயக்குநருக்குத் தெரியாமல்

படம் தொலைக்காட்சிக்குப் போகும்போது சில ஷாட்டுகளைத் திரும்பத் தயார் செய்து கொடுக்க வேண்டியிருந்தது. இயக்குநர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நான் தனியாக உட்கார்ந்து அந்த ஷாட்டைத் திறந்தேன்.

நைனாவைப் பனைக்கு வலப்பக்கம் கொண்டுபோனேன். கன்னியப்பன் மாமாவை வடபாட்டில் திரும்ப நிற்கவைத்தேன். படகுகளையும் ஆட்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டேன். எல்லாருக்கும் வெள்ளைத் துண்டு. இப்போது கப்பலுக்கு இடமில்லை. அதைச் சின்னதாக்கி, மணல் திட்டுக்கு அப்பால் தள்ளிக்கொண்டு போனேன்.

இயக்குநர் இன்றுவரை கவனிக்கவில்லை. இந்த வார இதழ் அவர் கையில் கிடைத்தால் தெரிந்துகொள்ளட்டும்.

ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை நைனா போன் செய்தார். அவராகப் போன் செய்வது அபூர்வம்.

"கன்னியப்பன் இங்கதான் வந்து பாத்தான்."

"இன்னா சொன்னாரு?"

"முழுசா பாத்தான். டீ குட்ச்சிட்டுப் போனான்." பிறகு கேட்டார். "கப்பல இன்னா பண்ண? சின்னதா கீது."

"வெளிய கடல்ல நிறுத்திட்டேன் நைனா."

"ம்," என்றார். "அங்கதான் நிக்கும்."